பதினேழாம் இலக்கக் குலுக்கி

1926 நவம்பர் 15 — ரூ. 640.00
1927 ஏப்ரல் 1 — ரூ. 30.00
1928 ஏப்ரல் 1 — ரூ. 27.00
1929 ஏப்ரல் 1 — ரூ. 24.30
1930 ஏப்ரல் 1 — ரூ. 21.87
1931 மார்ச் 14 — ரூ. 2.25
1931 ஏப்ரல் 1 — ரூ. 45.00

இதில் முதல் தொகை ஓர் இயந்திரத்தின் விலை. அதன் கீழே உள்ள ஆறும் அழகமுத்துவின் கணக்கு. ஒரு மனிதனின் சம்பளம் வருடா வருடம் ஏன் குறைந்தது, அவன் எப்படி இரண்டே கால் ரூபாவுக்கு ஏலம் போனான், ஏலம் போன பிறகு எப்படி விலை ஏறினான் என்பதைச் சொன்னால் அவன் கதையைச் சொன்னதாகும்.

கண்டி மஹய்யாவ ஏற்றத்தில் மஞ்சள் சுண்ணாம்பு பூசிய வீடு ஒன்றில் மலைநாட்டுப் பால் நீர்ப் பரிசோதனைச் சங்கம் நடந்து வந்தது. தலைமை அலுவலகம் கொழும்பில். நகரத்துப் பால்காரர்கள் கொண்டுவரும் பாலையும் மடுல்கெல்லத் தோட்டங்கள் அனுப்பும் பாலையும் இங்கே சோதித்தார்கள். மாடு கொடுத்தது எவ்வளவு, குழாய் கொடுத்தது எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு ஒரு முறை உண்டு. கண்ணாடிக் குழாயில் முதலில் கந்தக அமிலம், அதன்மேல் பால், பிறகு கொஞ்சம் சாராயச் சத்து. றப்பர் மூடியைப் போட்டு, ஒரு கட்டிகூட மிஞ்சாமல் எல்லாம் கரைந்து, பால் விடாத பிளேன் டீ நிறம் வரும்வரை குலுக்க வேண்டும். குலுக்கக் குலுக்கக் குழாய் தானாகவே சூடேறிக் கையைச் சுடும். பிறகு அதைக் கைச்சுழலியில் சுற்றிவிட்டு, செம்பு வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, பிரைமஸ் அடுப்பைக் கூட்டியும் குறைத்தும் ஒரே சூட்டில் வைத்திருக்க வேண்டும். கொழுப்பு மேலே மஞ்சளாகப் பிரிந்து நிற்கும். அந்த மஞ்சளின் உயரத்தைப் பார்த்துப் பால்காரனுடைய மானத்தை அளந்து சொல்வார் ஹாலம் துரை. சங்கத்தின் இரசாயன நிபுணர் அவர்.

குலுக்குவதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் இயந்திரம் வருவதாக இருந்தது. பணம் கட்டியாயிற்று. இயந்திரம் வரவில்லை. பால் மட்டும் நாள் தவறாமல் வந்தது. துரையே சில நாள் குலுக்கிப் பார்த்தார். மூடி கழன்று அமிலம் தெறித்ததில் அவருடைய கழுத்துப்பட்டியில் ஓட்டை விழுந்ததும், ஓர் ஆளை எடுத்துத் தரும்படி கிளாக்கர் தியாகராஜாவிடம் கேட்டார்.

தியாகராஜா சாவகச்சேரிக்காரர். ஒரு செலவுத் தலைப்பில் ஒதுக்கிய சதத்தை இன்னொரு தலைப்பில் செலவழிப்பதைக் களவைவிடக் கேவலமாக நினைப்பவர். சங்கத்துக்கு அனுமதித்த ஆட்கள் நான்கு பேர்: துரை, கிளாக்கர், காவற்காரன், கூட்டுகிறவள். ஐந்தாவது ஆளுக்கு இடமே இல்லை. ஆனால் இயந்திரப் பராமரிப்புக்கென்று மாதம் முப்பது ரூபா ஒதுக்கியிருந்தது, பராமரிக்க இயந்திரம் இல்லாமல் கிடந்தது. தியாகராஜா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், இயந்திரம் வந்து சேரும்வரை அதன் இடத்தில் நிற்க ஓர் ஆளைத் தேடிப் பிடித்து, அவனைப் பராமரிக்கலாம் என்று முடிவு செய்தார்.

அப்படிப் பிடிபட்டவன்தான் அழகமுத்து. மஹய்யாவிலேயே பிறந்தவன், வயது இருபத்திரண்டு. சோடாக் கொம்பனியில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தான். கண்ணாடி உடைக்காத கை என்று பெயர். சாமான் புத்தகத்தில் பதினாறாம் இலக்கம் வெந்நீர்த் தொட்டி, பதினெட்டாம் இலக்கம் முக்காலி. நடுவில் இயந்திரத்துக்காக வெறுமையாக விட்டிருந்த வரியில் தியாகராஜா எழுதினார்: 17. குலுக்கி, ஒன்று, தற்காலிகம்.

"இதைப் போட்டுக்கொள்ளும்," என்று ஒரு பித்தளை வில்லையை நீட்டினார். அதில் 17 என்று வெட்டியிருந்தது.

"எங்கங்க போடுறது?"

"சாமானுக்கு ஆணி அடிக்கிறது வழக்கம். நீர் பொத்தானிலை கட்டும்."

இயந்திரத்துக்கு மாதம் ஒரு போத்தல் எண்ணெய் என்று விதி இருந்தது. அதுவும் அழகமுத்துவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். வேண்டாம் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை என்றார் தியாகராஜா. எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் தன் வீட்டு வரிசையில் இருந்த கதவுகளுக்கெல்லாம் போட்டான். அதன் பிறகு அந்த வரிசையில் ஒரு கதவும் கீச்சிட்டதில்லை. பிந்தி வீடு திரும்பும் ஆண்கள் அவனைக் கண்டால் தனி மரியாதையோடு பேசினார்கள்.

ஒரு வருத்தம் மட்டும் இருந்தது. கால் கடுத்தாலும் கதிரையில் உட்காரக் கூடாது. கதிரை ஒன்பதாம் இலக்கம். ஒரு சாமான்மேல் இன்னொரு சாமானை வைத்தால் பழுதாகும் என்பது விதி.

முதல் வருடம் முடிந்தது. சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு அழகமுத்து கிளாக்கரின் மேசைக்கு வந்தான்.

"ஐயா, மூணு ரூபா குறையுது."

"குறையேல்லை. தேய்ஞ்சு போச்சு."

"எது தேஞ்சிருச்சு?"

"நீர்தான்."

"நான் நல்லாத்தானுங்க இருக்கேன்."

"அது உம்மடை அபிப்பிராயம். எந்தச் சாமானும் வருசத்துக்குப் பத்திலை ஒரு பங்கு தேயும். வெந்நீர்த் தொட்டியும் தேய்ஞ்சுதான் கிடக்கு. அது வந்து என்னட்டைக் கேட்டதோ?"

அழகமுத்து திரும்பித் தொட்டியைப் பார்த்தான். அது கேட்பதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு மார்ச் மாதமும் கொழும்பிலிருந்து இரண்டு கனவான்கள் சாமான்களைச் சரிபார்க்க வருவார்கள். கைப்பிரம்பால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பதினேழாம் இலக்கத்துக்கு வந்ததும் பித்தளை வில்லையை மட்டும் பார்ப்பார்கள், அதற்கு மேலே ஒரு முகம் இருப்பதைப் பார்ப்பதில்லை. "ஓடுகிறதா?" என்று ஒரு முறை ஒருவர் கேட்டார். "ஓடுதுங்க," என்று அழகமுத்துவே சொன்னான். அந்த மாதம் அவனுக்கு இருமல். "நல்ல நிலை, சற்றுச் சத்தம் உண்டு" என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அவன் ஏன் வேறு வேலை தேடவில்லை என்று கேட்கலாம். தோட்டங்களில் ஆட்குறைப்பு, கடைத்தெருவில் வியாபாரம் இல்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் ரத்தினம்மா.

மஹய்யாவுக்கு மேலே நாலு மாடு வைத்துப் பால் விற்ற சின்னக்கருப்பனின் மகள் அவள். மாதம் ஒருமுறை சோதனைப் போத்தலோடு வருவாள். அவன் பெயரைக் கேட்கவில்லை. பொத்தானில் தொங்கிய இலக்கத்தைப் படித்துக்கொண்டாள்.

"என்ன பதினேழு, எங்க பாலைக் கொஞ்சம் மெதுவாக் குலுக்குங்க. வெண்ணெயாகிறப் போவுது."

"வெண்ணெயாக அதுல ஏதாச்சும் இருக்கணும்ல."

"இருக்கு இருக்கு. எங்க அப்பாரு தண்ணி கலக்குறது விருந்தாளிக்கு மட்டுந்தான்."

இப்படி மூன்று வருடத்துக்குக் கிட்டப் பேசினார்கள். 1930 தை மாதத்தில் அழகமுத்துவின் தாய் வெற்றிலை பாக்கோடு போய்ப் பெண் கேட்டாள். சின்னக்கருப்பன் மறுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலைதானா, புத்தகத்தில் பெயர் இருக்கிறதா என்று நேரே பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். மாடு வாங்கும்போதும் அவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை.

மறுநாள் காலை தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கிளாக்கரிடம் வந்தார். தியாகராஜா ஆட்கள் பதியும் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நாலு பெயர் இருந்தது.

"இதிலை இல்லை," என்றார். பிறகு மற்றப் புத்தகத்தைத் திறந்தார். "இதிலை இருக்கிறார். பதினாறு வெந்நீர்த் தொட்டி, பதினேழு குலுக்கி, பதினெட்டு முக்காலி."

"இதுல யாருங்க?"

"பதினேழு. உங்கடை மருமகன்."

"இன்னும் ஆகல," என்றார் சின்னக்கருப்பன். தொட்டியைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், நடுவில் நின்ற அழகமுத்துவைப் பார்த்தார். "தம்பி, ஒன்னயக் குத்தம் சொல்லல. ஆனா சாமானுக்குப் பொண்ணு குடுக்குற வழக்கம் எங்க பக்கத்துல இல்ல. என்னைக்கு அந்தப் புத்தகத்துல ஆளுன்னு ஏறுறியோ, அன்னைக்கே பந்தல் போடுறேன்."

அன்று முதல் அழகமுத்துவுக்கு ஒரே கவலைதான், ஆளாவது எப்படி என்பது. தியாகராஜாவிடம் கேட்டான். அவரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஐந்தாவது ஆளுக்கு அனுமதி கேட்டுக் கொழும்புக்கு எழுதினார். இயந்திரம் விரைவில் வந்துவிடும், ஆள் தேவையில்லை என்று பதில் வந்தது.

இயந்திரம் உண்மையில் எப்போதோ வந்துவிட்டது. நாலு வருடமாகக் கொழும்பு அலுவலகத்தின் வரவேற்பறையில் பெட்டியோடு நின்றது. யாரோ அதன்மேல் மேசை விரிப்புப் போட்டுப் பூச்சாடி வைத்திருந்தார்கள். 1931 ஜனவரியில் அந்த அறைக்குப் புதுச் சுண்ணாம்பு அடிக்க மேசையை நகர்த்தியபோது, அது நகர மறுத்ததால்தான் விஷயம் தெரியவந்தது.

பெட்டி கண்டிக்கு வந்தது. குழாய்த் தண்ணீரின் வேகத்தில் ஓடும் இயந்திரம் அது. உள்ளே ஒரு சிறு சக்கரம், அதன்மேல் இருபது குழாய்களைப் பூட்டும் தட்டு. துரை தண்ணீர்க் குழாயைத் திறந்தார். தட்டு இடமும் வலமும் ஆடியது. இருபது குழாயிலும் ஒரே நேரத்தில் பிளேன் டீ நிறம் வந்தது. துரை சிரித்தார். அழகமுத்துவும் பழக்கதோஷத்தில் சிரித்தான்.

அன்று மாலை தியாகராஜா அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அசல் வந்திட்டுது. தற்காலிகம் மிச்சம்."

"அப்ப என்னய நிப்பாட்டிருவீங்களா?"

"நிப்பாட்ட ஏலாது. நிப்பாட்டிறதெண்டால் முதல் நியமிச்சிருக்கவேணும். மிச்சமான சாமானை ஏலத்திலை விக்கிறதுதான் விதி. பதினாறிலை ஒழுக்கு, பதினெட்டுக்கு ஒரு கால் ஆடுது. மூண்டையும் ஒண்டாய்ப் போட்டிருக்கிறன்."

ஏல அறிவித்தல் வாசலில் ஒட்டப்பட்டது. அதற்குள் கண்டியில் மழை நின்று வெயில் ஏறியது. மஹய்யாவ ஏற்றத்துக்குக் குழாய்த் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. இயந்திரத்தின் தட்டு தொட்டில் போல ஒரு முறை ஆடி நின்றுவிடும். பால் போத்தல்கள் வரிசையாகப் புளித்தன. ஏலத்தை நிறுத்தும்படி துரை சொன்னார். அறிவித்தல் ஒட்டியான பிறகு ஏலத்தை நிறுத்த விதி இல்லை என்று தியாகராஜா எழுத்தில் பதில் கொடுத்தார்.

மார்ச் பதினாலு, சனிக்கிழமை. முற்றத்தில் அழகமுத்து ஒழுகும் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆடும் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். மூன்றும் ஒரே பொதி என்பதால் அன்றைக்கு மட்டும் உட்கார அனுமதி கிடைத்திருந்தது. வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். பழைய செம்பு, பித்தளை வாங்கி விற்கும் அலவத்துகொட ஊர்க்காரர் லாபிர் தொட்டியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு ஒன்றரை ரூபா என்றார்.

"ரெண்டு," என்று பின்னால் ஒரு குரல். சின்னக்கருப்பன்.

அழகமுத்து தலையைத் திருப்பினான். சின்னக்கருப்பன் வானத்தைப் பார்த்தார். "மாட்டுக்குத் தவிடு வேகவைக்கத் தொட்டி வேணும்," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார், அவர் கேட்காமலே.

"ரெண்டேகால்," என்றார் லாபிர்.

சின்னக்கருப்பன் மடியைத் தடவினார், மறுபடி தடவினார், மேலே கேட்கவில்லை. ஏலம் முடிந்தது. அன்று இரவு ரத்தினம்மா தகப்பனுக்குச் சோறு போட்டபடி, "கால் ரூபாயில மருமகன விட்டுட்டு வந்திருக்கீங்க," என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு நாலு நாள் பேசவில்லை.

லாபிர் தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அழகமுத்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். வீதி முனையில் லாபிர் திரும்பினார்.

"தம்பி, முக்காலிய வெச்சிட்டு நீ போ."

"நானும் பொதியிலதான் முதலாளி இருக்கேன். ரசீதப் பாருங்க."

லாபிர் ரசீதைப் பார்த்தார். மூன்று பொருள் எழுதியிருந்தது. தொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"யா அல்லாஹ். நான் செம்புக்குத்தானே கேட்ட. மனிசன வாங்குற வேல நம்மளுக்கு ஹராம். வூட்டுல ஒன்பது வாய் ஈக்கி, பத்தாவதுக்கு நான் எங்க போற?"

"திருப்பி எடுக்க மாட்டாங்களாம்."

"அப்ப நான் ஒன்னய வாங்கல்ல, கேட்டியா. நீ என்னோட வேலைக்கி வந்தீக்கிற. சம்பளம் பொறகு பேசுவோம்." அன்று மாலையே கடையின் பற்றுப் புத்தகத்தில், வேலையாட்கள் என்ற தலைப்பின் கீழ், அழகமுத்து என்று எழுதினார். அப்படி எழுதிய பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

பத்து நாள் கழித்துத் தியாகராஜா அலவத்துகொடைக்கு வந்து நின்றார். சங்கத்தில் சோதிக்காத பால் தேங்கிக் கிடந்தது. விற்ற சாமானைத் திரும்ப வாங்கினால் கணக்குப் பரிசோதகர் சந்தேகப்படுவார், ஆனால் வாடகைக்கு எடுக்கத் தனித் தலைப்பு உண்டு என்றார். மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும் என்பது விதி. கண்டியில் குலுக்கி வைத்திருப்பவர் வேறு எவரும் இல்லை என்று அதற்கும் காரணம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

லாபிர் வியாபாரி. முப்பதில் முடிப்பதென்றால் நாற்பத்தைந்தில் தொடங்க வேண்டும் என்று நினைத்து நாற்பத்தைந்து என்றார். தியாகராஜாவுக்குப் பேரம் பேசத் தலைப்பு இல்லை. உடனே கையெழுத்துப் போட்டார். லாபிர் அந்தக் கையெழுத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தார். முதல் மாதத்தில் தன்னுடைய இரண்டே கால் ரூபாவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழகமுத்துவிடம் கொடுத்தார். பிறகு எல்லாம் அவனுக்கே. எண்ணெய்ப் போத்தலை மட்டும், சொந்தக்காரனுக்குச் சேர வேண்டியது என்று, தன் மாட்டுவண்டி அச்சுக்கு வைத்துக்கொண்டார்.

அழகமுத்து பழைய இடத்தில் பழைய வில்லையோடு நின்று குலுக்கினான். மழை வந்தால் தண்ணீர் வேகமாக வரும், இயந்திரம் ஓடும் என்று துரை காத்திருந்தார். சித்திரையில் மழை வந்தது. கூடவே மண்ணும் வந்து சக்கரத்தை அடைத்தது.

கொழும்பிலிருந்து கேள்வி வந்தது. ஒரு குலுக்கிக்கு மாதம் நாற்பத்தைந்து ரூபா வாடகை ஏன்? தியாகராஜா பொய் எழுதத் தெரியாதவர். அது சாப்பிடுகிறது என்று எழுதினார். சாப்பிடும் இயந்திரம் எந்த வகை என்று அடுத்த கேள்வி. இந்து, சைவம் என்று எழுதினார். ஜூன் மாதம் நீளமான கடிதம் ஒன்று வந்தது. வாடகைக்கு எடுத்திருப்பது ஓர் ஆள் என்று தெரியவருகிறது, ஒன்றில் வாடகையைத் தொடரலாம், அல்லது முப்பது ரூபாவில் ஐந்தாவது ஆளாக நியமிக்க விண்ணப்பிக்கலாம், எது என்று தெரிவிக்கவும் என்றிருந்தது.

அழகமுத்து நேரே மாட்டுக் கொட்டிலுக்கு ஏறி ஓடினான். சின்னக்கருப்பன் பால் கறந்துகொண்டே கேட்டார்.

"இப்ப எம்புட்டு?"

"நாப்பத்தஞ்சு."

"ஆளா ஆனா?"

"முப்பது."

சின்னக்கருப்பனின் கை மடியில் நின்றது. மாடு திரும்பிப் பார்த்தது. "அப்ப எதுக்குப்பா அவசரப்படுற? சாமானாவே இருந்துட்டுப் போயேன். நல்ல வெலை போற சாமானுக்குப் பொண்ணு குடுத்தா யாரு என்ன சொல்லப் போறா?"

"நீங்கதானே வழக்கமில்லன்னீங்க."

"வழக்கம் அப்பப்ப மாறும்."

ரத்தினம்மா புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள். "அப்பா, பதினஞ்சு ரூபாய்க்காக நான் காலம் பூரா வாடகைச் சாமானோட குடும்பம் நடத்துறதா? நாளைக்கு அந்த லாபிர் நானா வந்து, வேற எடத்துல நல்ல வாடகை கேக்குறாங்க, தூக்கிட்டுப் போறேன்னா என்ன பண்ணுவீங்க?"

சின்னக்கருப்பன் மறுபடி கறக்கத் தொடங்கினார். அழகமுத்து சொன்னான்: "மாமா, நாலு வருசமா தேஞ்சு தேஞ்சு வந்திருக்கேன். முப்பதா இருந்தாலும் எம் பேருல வரட்டும்."

"சரி, கடுதாசி வரட்டும்," என்றார் சின்னக்கருப்பன். "வந்த அன்னைக்குப் பந்தக்கால். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

விண்ணப்பத்தில் சாமான் கையெழுத்துப் போட முடியாது என்று தியாகராஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் சொந்தக்காரர் என்ற முறையில் லாபிர் போட்டார். போட்டுவிட்டு, "பொண்ணு வூட்டுக்காரர் நானா, மாப்புள வூட்டுக்காரர் நானா, ஒண்டும் வெளங்குதில்ல," என்றார். கல்யாணச் சாப்பாட்டுக்கு வேண்டிய பெரிய பாத்திரங்களை அவர்தான் கடையிலிருந்து அனுப்புவதாக ஏற்றுக்கொண்டார். பதினாறாம் இலக்கத் தொட்டியையும் ஈயம் வைத்து அடைத்துச் சேர்த்து அனுப்பினார், பாயாசத்துக்கு.

பிறகு ஜூலை முழுவதும் கடிதம் இல்லை. மூங்கில் வெட்டிக் கொட்டிலில் சாத்தியிருந்தது. மாடு அதில் முதுகைச் சொறிந்துகொண்டது. தபாற்காரன் ஏற்றத்தில் வரும்போதெல்லாம் சின்னக்கருப்பன் மூங்கிலைப் பார்ப்பார், அவன் தாண்டிப் போனதும் மாட்டைப் பார்ப்பார்.

கடிதம் வந்த அன்று காலை அழகமுத்துவின் இரண்டு கையிலும் சூடான குழாய்கள் இருந்தன. தியாகராஜா கடிதத்தை முதலில் தான் படித்தார், பிறகு துரையிடம் கொடுத்தார், பிறகு ஆட்கள் பதியும் புத்தகத்தைத் திறந்து, நாலு பெயருக்குக் கீழே ஐந்தாவதாக எழுதி, மை காயும்வரை காத்திருந்தார். அதன் பிறகு எழுந்து ஒன்பதாம் இலக்கக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரும் தம்பி."

அழகமுத்து கதிரையைப் பார்த்தான். மெல்ல, பாதிதான் உட்கார்ந்தான். குழாய்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"இனிமே தேய மாட்டேனாங்க ஐயா?"

"ஆள் எண்டால் தேயிறதில்லை. வயசுதான் போகும்." பித்தளை வில்லையைப் பொத்தானிலிருந்து அவிழ்த்து, எடுத்துப் போய் அடைபட்ட இயந்திரத்தில் கட்டினார்.

ஒன்று மட்டும் யாரும் எதிர்பார்க்கவில்லை. கஷ்டப்பட்டுப் பெயர் வாங்கிய மனிதனுக்குக் கல்யாணமான பிறகு வீட்டில் அந்தப் பெயரால் பயன் இருக்கவில்லை. பெண்சாதி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதல்லவா. ஆகவே ரத்தினம்மா கடைசிவரை அவனைப் பதினேழு என்றே கூப்பிட்டாள், பிள்ளைகள் முன்னாலும்.

கடிதம் வந்த அன்று மத்தியானத்துக்குள் மஹய்யாவுக்கு மேலே பந்தக்கால் நட்டாயிற்று. கொழும்பிலிருந்து இந்த விஷயமாக அதன் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1931 ஆகஸ்ட் 27, வியாழக்கிழமை.